கோயிலில் கிளம்பி கோயிலுக்கே திரும்பும் நடைத்தடம்: நீங்களே போடுவது எப்படி?

பர்கூர் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலில் கிளம்பி, ஏரிக்கரை, மாந்தோப்பு, கரட்டடி என்று சுற்றிக்கொண்டு கோயிலுக்கே வந்து சேர 6 கிலோமீட்டர். இந்தத் தடத்தைப் போட எனக்கு 4 வாரம் ஆனது. விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு காலையில் முடிந்திருக்கும்.

படி 1: தொடக்கம்

எலத்தகிரி, கோவிலூர், பி. பள்ளிப்பட்டி போல தேவாலயம் உள்ள எந்த ஊரும் சரிதான். கோபுரம் தூரத்திலிருந்தே கண்ணில் படுவதால் வழி தப்பினாலும் அதைப் பார்த்து நடக்கலாம். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், பூசை நேரம். வண்டியை உள்ளே விடுவதானால் ஃபாதரிடமோ உபதேசியாரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

படி 2: திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

போகும் வழி தானாகக் கிடைத்துவிடும். திரும்பும்போதுதான் முள்வேலி வந்து நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரிந்த வண்டித்தடம் எனக்கு ஒரு தோப்புக்குள் போய் முடிந்தது. அரசின் நில இணையதளத்தில் புல எண்ணைக் (சர்வே நம்பர்) கொடுத்தால் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலம் என்ன வகை, யார் பெயரில் என்ற பதிவு) பார்க்கலாம். பாதைப் புறம்போக்கு, அதாவது பாதைக்கென்று விட்ட அரசு நிலம் என்றிருந்தால் கவலையில்லை. பட்டா நிலம் என்றால் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். அதிலும் ஏப்ரல் முதல் ஜூலை வரை மாங்காய்க் காலம். தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால், நிலத்துக்காரர் சரி என்றாலும் காவல்காரர் விடமாட்டார்.

படி 3: தடத்தைப் பதிவு செய்தல்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். ஆஸ்மாண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலியில் பதிவைத் தொடங்கி, போனைச் சட்டைப்பையில் போட்டு 2 மணி நேரம் நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோடு நேராக ஏரித் தண்ணீர் மேலேயே போயிருந்தது. பேதுருவே மூழ்கப் பார்த்த இடத்தில் நான் செருப்பு நனையாமல் கடந்திருக்கிறேன்!

காரணம், திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. நடுவில் புள்ளிகளே விழாததால், விழுந்த இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டில் இணைத்துவிட்டது. போன் அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். துல்லியமான இருப்பிட அனுமதியும் கொடுங்கள். பதிவு இடைவெளி 5 விநாடி போதும். அப்புறம், திரையை அணைத்து கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்து, கோடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

பதிவு செய்ய என் ஓட்டு ஆஸ்மாண்டுக்கே. போட்ட தடத்தைப் பார்த்து நடக்க மட்டும் என்றால் ஆர்கானிக் மேப்ஸ் (Organic Maps) செயலி எளிது. இரண்டிலும் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளலாம்; கரட்டுக்குப் பின்னால் சிக்னல் போனாலும் பிரச்சினை இல்லை.

படி 4: எதிர்ப்பக்கமாக ஒரு முறை நடங்கள்

ஒரே கவட்டைப் பாதை அந்தப் பக்கத்திலிருந்து வேறு மாதிரி தெரியும். குழப்பும் இடங்களைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். பாறையில் பெயிண்ட் அம்பு மட்டும் வேண்டாம். நம் பக்கம் நிலத்தோரம் சும்மா நிற்கும் கல், இறந்த வீரனுக்கு நட்ட பழைய நடுகல்லாகவும் இருக்கும்.

பின்சேர்க்கை: புல எண் தெரியாதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தமிழ்நிலம் புவித்தகவல் வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டால் எண் வரும். அதிலும் குழப்பம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள், கையில் ஊர்ப் பெயரோடு மட்டும் போகாமல் அந்த இடத்தின் படத்தோடு.