நியூயார்க் வருகிறீர்களா? முத்திரைத்தாளை நம்பி வராதீர்கள்

கூட்டம் கூடும் உரிமை, விவாகரத்து, சூதாட்டம் மூன்றையும் நியூயார்க் மாநில அரசியலமைப்பு ஒரே பிரிவில் வைத்திருக்கிறது: முதல் அத்தியாயம், 9ஆம் பிரிவு. முதலும் கடைசியும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நடைபாதையை மறிக்காமல் பதாகை பிடித்து நிற்கலாம். நியூயார்க் நகரில் ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும். தீபாவளிக்கு வீட்டில் சீட்டாடலாம், ஆட்டம் நடத்துகிறவர் கமிஷன் எடுத்தால் குற்றம். சங்க விழாவில் குலுக்கல் சீட்டு விற்கவும் மாநில விதி உண்டு, கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சரி, நடுவில் இருப்பதுக்கு வருகிறேன். நீதிமன்றம் வழியாக அல்லாமல் விவாகரத்து கிடையாது என்கிறது அந்தப் பிரிவு.

என் நண்பன் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறான். முதல் திருமணம் ஊரிலேயே முறிந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட, நோட்டரி சீலும் வைத்தாயிற்று. அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு பாஸ்போர்ட்டோடு கொண்டுவந்தான். இங்கே மறுமணத்துக்கு உரிமம் எடுக்கப் போனால், முந்தைய திருமணம் எப்படி, எந்தத் தேதியில், எந்த ஊரில் முடிந்தது என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். கவுண்ட்டரில் இருந்த அம்மா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோர்ட் தீர்ப்பு எங்கே?" என்றார். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. பெண்ணின் பெற்றோர் சென்னையிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். அன்று ராத்திரி போனில் அவன் குரலே எழும்பவில்லை.

அந்தத் தாள் ஊரிலும் செல்லாது. சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபித்தால்தான் இந்து திருமணச் சட்டம் ஏற்கும். சுற்றி உட்கார்ந்த இத்தனை பெரியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இங்கே விவாகரத்து தருவது சுப்ரீம் கோர்ட். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இந்த மாநிலத்தில் அது கீழ்நிலை விசாரணை நீதிமன்றம். கல்யாணமும் குடித்தனமும் இந்தியாவில் என்றால் பெரும்பாலும் 2 ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். 2010 முதல், உறவு 6 மாதமாக மீளமுடியாமல் முறிந்துவிட்டது என்று ஒருவர் உறுதிமொழி கொடுத்தாலே அது விவாகரத்துக்குப் போதுமான காரணம். ஆனால் அந்தக் காரணம் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. மறுதரப்பு மனமொப்பிச் சம்மதிக்காவிட்டால் இந்திய நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்பது கடினம். 1991இல் இந்திய உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. அதனால் கிளம்பும் முன்பே ஊர்க் குடும்பநல நீதிமன்றத்தில் அந்தச் சட்டத்தின் 13பி பிரிவில், அதாவது இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியில் முடித்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வாருங்கள்.

நண்பன் தயங்கித் தயங்கித்தான் ஊருக்குப் போன் செய்தான். கோர்ட் வழியாகப் பிரிய அவனுடைய முதல் மனைவி உடனே சம்மதித்தாள். அவளுக்கும் ஒரு வரன் பேசி முடித்திருந்தார்கள். அதே தாளை நம்பித்தான்.