காட்டில் ஒலிப்பதிவுக் கருவி கட்டும் முன்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கக் காடுகளில் ஒலிப்பதிவு தொடங்குபவர்களில் பலர், பறவைகளையும் மனித நடமாட்டத்தையும் ஒரே அட்டவணையில் பிடித்துவிடப் பார்க்கிறார்கள். அது நடக்காது. பறவை விடியலில் விடாமல் கூவும். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிந்தாலே எந்தப் பறவை என்று தெரிந்துவிடும். வேட்டைக்காரரின் நாட்டுத் துப்பாக்கி வெடிப்பது ஒரே நொடி. அதே அட்டவணையில் அது சிக்க வாய்ப்பு பத்தில் ஒன்றுதான்.

ஆகவே இடத்துக்கு இரண்டு கருவி. ஆடியோமாத் போன்ற சிறிய கருவி என்றால் மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு போதும். பறவைக்கு மாதிரி வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது), பத்துக்கு ஒரு நிமிடம்: நாளொன்றுக்கு ஏறக்குறைய 830 எம்பி. வெடிச் சத்தத்துக்கு 16 கிலோஹெர்ட்ஸ், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை இடைவிடாமல்: இரவுக்கு 1.4 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மாதம் தாங்கும், ஆனால் பேட்டரி அதற்கு முன்பே தீர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வௌவால் வேண்டுமென்றால் 192 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையக் கூடாது. அது தனி வேலை.

அதிகம் குளறுபடியாவது கடிகாரம்தான். பேட்டரியைக் கழற்றினால் நேரம் அழிந்துபோகும். புதுசு போட்ட பிறகு மறுபடி நேரம் வைக்க வேண்டும். நீங்கள் மாற்றாதவரை கோப்பின் பெயரில் வருவது யூடிசி எனும் உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். 12ஆம் தேதி விடியற்காலை நாலரைக்குப் பதிந்தது 11ஆம் தேதி 230000 (இரவு 11 மணி) என்று நிற்கும். இதைக் கவனிக்காமல் நாள்வாரியாக எண்ணினால் விடியற்காலை ஐந்தரைக்கு முன் பதிந்ததெல்லாம் முந்தைய நாள் கணக்கில் சேர்ந்துவிடும். மரத்தை விட்டு நகரும் முன் சுவிட்ச் கஸ்டம் நிலையில் (நீங்கள் வைத்த அட்டவணைப்படி பதியும் நிலை) இருக்கிறதா, பச்சை விளக்கு மட்டும் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிவப்பும் சேர்ந்து சிமிட்டினால் நேரம் வைக்கவில்லை, அல்லது கார்டில் கோளாறு.

ஒகேனக்கல் அருவி அருகிலும் பாறைமேல் விழும் ஓடையோரத்திலும் கட்டாதீர்கள். தண்ணீர் இரைச்சலே மிஞ்சும். யானைத் தடத்தை விட்டு விலகி, மெல்லிய மரத்தில், இலை உரசாத இடம் பாருங்கள். பறவைக் கருவிகளுக்கு இடையே 500 மீட்டர் விட்டால் ஒரே கூவலை இரண்டாக எண்ண மாட்டோம். யானையின் பிளிறல் பதியும். அடிவயிற்று உறுமலின் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி. இந்த மைக்கை நம்பி அதைத் தேடாதீர்கள்.

வெடிச் சத்தத்தை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் நிறமாலையாக (ஒலியின் ஏற்ற இறக்கத்தை நேரவாரியாகக் காட்டும் படம்) பாருங்கள். துப்பாக்கி செங்குத்தான ஒற்றைக் கோடாக எழுந்து எதிரொலியோடு தேயும். பட்டாசு பெரும்பாலும் வரிசையாக வரும். குவாரி வெடி பகலில், தாழ்ந்த ஒலியாக, நீண்டு கேட்கும். அவுட்டுக்காயையும் (வேட்டைக்கு இரையில் வைக்கும் நாட்டு வெடி) ஒற்றைப் பட்டாசையும் தொலைவிலிருந்து பிரிப்பது கடினம். சந்தேகம் என்றே குறித்துவையுங்கள். ராகி முற்றும் மாதங்களில் காட்டோர நிலங்களில் இரவு வெடிப்பது யானை விரட்டத்தான். அதை வேட்டைக் கணக்கில் போட்டால் ஊர்க்காரர் மேல் வீண்பழி.

பறவைக் குரலை அடையாளம் காணும் பேர்ட்நெட் மென்பொருள், பதிவை மூன்று மூன்று நொடியாக வெட்டிப் பெயர் சொல்லும். அது தரும் 0.8 என்பது எண்பது சதவீத நிச்சயம் அல்ல. ஒவ்வொரு இனத்திலும் ஐம்பது துண்டாவது காதால் கேட்டு, எந்த மதிப்புக்கு மேல் நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 1–2 கிலோஹெர்ட்ஸை மனித ஒலியாகவும் அதற்கு மேலுள்ளதை உயிரின ஒலியாகவும் கொள்ளும் என்டிஎஸ்ஐ என்ற ஒலிச்சூழல் குறியீடு, மயில் அகவலில் ஒரு பங்கை மனிதக் கணக்கில் சேர்க்கும். சில்வண்டு கூட்டம் இரைந்தால் சீரழிந்த காட்டுக்கும் நல்ல மதிப்பெண் கொடுக்கும்.

காவிரி வடக்கு, தெற்குச் சரணாலயங்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்கு மாவட்ட வன அலுவலரிடம் கேளுங்கள். விறகுக்கு வருபவர், மாடு மேய்ப்பவர் பேச்சும் பதியும். ஆள் வந்தார், எத்தனை மணிக்கு என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அந்தத் துண்டை அழித்துவிடுங்கள்.