பல் மருத்துவம் படிக்கப் போகிறீர்களா? சேருமுன் செய்யும் தவறுகள்

நீட் முடிவு வரும் வாரத்தில் என் கிளினிக்குக்குப் பல் வலியோடு வருபவர்களைவிடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மாக்கள்தான் அதிகம். போன வருடம் ஒருவர் மதிப்பெண் தாளின் நகலோடு வந்து உட்கார்ந்தார். "எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் இடிக்குது டாக்டரம்மா. பி.டி.எஸ். போட்டுடலாமா? அதுவும் டாக்டர்தானே?" பக்கத்தில் இருந்த மகளிடம், "உனக்கு ஏன்மா பல் மருத்துவம்?" என்று கேட்டேன். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேறெதையும் செய்திருக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதனால்தான், இதற்குள் வருகிறவர்கள் ஏன் வருகிறோம் என்று தெரிந்து வரவேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

மார்க் தள்ளிவிட்ட இடம்

எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் ஒரே நீட் தேர்வு. தமிழ்நாட்டில் கலந்தாய்வும் ஒரே தேர்வுக் குழுவின் கீழ்தான் நடக்கிறது. அதனால் இரண்டும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்ப்படி என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. இப்போதைக்குச் சேர்ந்து வைப்போம், அடுத்த வருடம் மறுபடி நீட் எழுதிக்கொள்ளலாம் என்று வருபவர்கள் உண்டு. முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல்லின் அமைப்பு எல்லாம் ஒன்றாகத் தலையில் இறங்கும். அதோடு நீட்டுக்கும் படித்தால் இரண்டும் கைநழுவும். பி.டி.எஸ்.ஸிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறுக்கு வழி எதுவும் கிடையாது. போகவேண்டும் என்றால் மறுபடி நீட் எழுதி, முதல் வருடத்தில்தான் போய் உட்கார வேண்டும். நடுவில் இடத்தை விட்டுப் போனால் என்ன கட்ட வேண்டும் என்பது தகவல் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மார்க் தள்ளிவிட்டு வந்தவர்கள் எல்லாரும் வீணாகப் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. என்கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். அவர்களில் சிலர் இன்று என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் மனது மாறிய இடம் எது என்று கேட்டால் யாரும் புத்தகத்தைச் சொல்லமாட்டார்கள். மெழுகைத்தான் சொல்வார்கள்.

இது கைவேலை

முதல் வருடத்தில் கையில் ஒரு மெழுகுக் கட்டியும் சிறு கத்தியும் கொடுப்பார்கள். பல்லின் நீள அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக்கொண்டு அதைச் செதுக்க வேண்டும். முன்பல்லோடு ஆரம்பித்து, கடைசியில் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வருவோம். அதற்கு மேலே ஐந்து முனைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே பள்ளங்கள். நாக்குப் பக்கம் ஒரு வளைவு, கன்னப் பக்கம் வேறு வளைவு. நான்கு முனைகளை ஒழுங்காகக் கொண்டுவந்துவிட்டு ஐந்தாவதைச் சீவும்போது விரல் அரை மில்லிமீட்டர் வழுக்கினால் கட்டி போச்சு, புதுசு எடுக்க வேண்டும். முதல் மாதம் பதினோரு கட்டிகளைப் பாழாக்கி விடுதியில் உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டாவது பல் கொஞ்சம் பல் மாதிரியே வந்தது. பென்சில் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு வகுப்பு நடுவில் திறந்து திறந்து பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

பல் மருத்துவத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: இது விரல் நுனியில் நடக்கும் வேலை என்பதைத் தெரிந்துகொள்ளாமலே வருவது. நீட் உயிரியலில் 340 வாங்கினாலும் அது விரலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மேல்தாடைக் கடைவாய்ப்பல்லைப் பெரும்பாலும் நேராகப் பார்க்க முடியாது. சின்னக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே, நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் முனையால் சொத்தையை மட்டும் எடுக்க வேண்டும். எச்சில் ஊறும், நாக்கு குறுக்கே வரும், நோயாளிக்கு இருமல் வரும். கை மட்டும் ஆடக்கூடாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மேசையில் தாளை வைத்து, கையை நேராகப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரம் வரையுங்கள். முதல் தடவை எல்லாருக்கும் கோணும், அதில் ஒன்றும் இல்லை. பத்தாவது தடவையும் இன்னொரு தாள் எடுக்கத் தோன்றுகிறதா, எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். கை திறமை பழகப் பழக வரும். பழகுவதில் பிடித்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிறக்குருடு இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் நல்லது, ஏனென்றால் பல்லின் நிறத்துக்கு ஏற்ற பீங்கானைப் பொருத்திப் பார்ப்பது அன்றாட வேலை. கழுத்து, இடுப்பு வலியும் இந்தத் தொழிலோடு வருவதுதான். உட்காரும் முறையை முதல் நாளிலிருந்தே பழகிக்கொண்டால் தப்பிக்கலாம்.

"பொண்ணுக்கு ஏத்த படிப்பு"

"நைட் டியூட்டி இல்லை, ரத்தம் குறைவு, கல்யாணத்துக்கு அப்புறமும் வீட்டுக் கீழேயே கிளினிக் போட்டுக்கலாம்." இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லாத பெற்றோர் குறைவு. என் அப்பாவும் சொன்னார்.

இரவுப் பணி இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நம் ஊரில் பல் டாக்டரிடம் மக்கள் எப்போது வருகிறார்கள்? வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், அதைவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. என் மகன் வீட்டுப்பாடம் எழுதும் நேரம் முழுக்க நான் யாரோ ஒருவருடைய வேர் சிகிச்சையில் இருந்திருக்கிறேன். ரத்தம் பற்றிய எண்ணமும் அப்படியே. ஞானப்பல் எடுக்க எலும்பைச் செதுக்கும்போதும், விபத்தில் தாடை உடைந்தவர் வரும்போதும் அது மாறிவிடும்.

கல்யாணக் கணக்கில்தான் பெரிய பிசகு. திருநெல்வேலியில் மூன்று வருடம் சொந்தமாகக் கிளினிக் நடத்தினேன். முதல் வருடம் ஈ ஓட்டியது. மூன்றாம் வருடம் பக்கத்துத் தெருக்காரர்கள் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போது கல்யாணமாகிக் கும்பகோணம் வந்தேன். நாற்காலியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். நோயாளிகளை ஏற்றிவர முடியாதே. மறுபடி முதலிலிருந்து. பல் மருத்துவரின் வருமானம் ஒரு ஊரின் நம்பிக்கையில் நிற்கிறது, அது ஊர் விட்டு ஊர் வராது. "எங்கேயும் போய் கிளினிக் போடலாம்" என்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பெண்ணைச் சேர்க்கும்போதே, பிற்பாடு அவள் தொழில் செய்யும் ஊரை யார் முடிவு செய்வார்கள் என்றும் வீட்டில் பேசிவிடுங்கள்.

கட்டிடத்தைப் பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுப்பது

தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் கொஞ்சம்தான்: 1953இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, அரசு ஏற்றுக்கொண்ட சிதம்பரம் கல்லூரி, 2023இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி. மற்றபடி தனியார் கல்லூரிகள். அங்கே அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்துக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணத்துக்கும் பெரிய இடைவெளி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.டி.எஸ்.ஸுக்கும் பொருந்தும், இது தெரியாமல் ஒதுங்கிப் போகும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கண்ணாடிக் கட்டிடத்தையும் விடுதி அறையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது புறநோயாளிப் பிரிவை. ஒரு வேலை நாளில் காலை ஒன்பதரை மணிக்குப் போய்ச் சீட்டு வாங்கும் இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். வரிசை இருக்கிறதா?

இரண்டாம் வருடம்வரை மெழுகும், பொம்மைத் தலையில் பொருத்திய பல்லும். மூன்றாம் வருடத்திலிருந்து நிஜ மனிதர்கள். இத்தனை பல் எடுத்தல், இத்தனை அடைப்பு, இத்தனை பல் செட் என்று ஒவ்வொரு துறையிலும் கணக்கு முடிக்க வேண்டும். மாணவர்கள் அதைக் கோட்டா என்பார்கள். நோயாளி வராத கல்லூரியில் மாணவர்களே ஆள் தேடி அலைவார்கள். பஸ் காசு கொடுத்து ஊரிலிருந்து தாத்தாவைக் கூட்டிவந்து பல் செட் செய்தவர்கள் உண்டு. அப்படி முடித்து வருபவர்கள் படிப்பு முடிந்த பிறகுதான், யாரோ ஒருவருடைய கிளினிக்கில், பல் எடுக்கவே கற்றுக்கொள்கிறார்கள்.

பணக் கணக்கு

நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, ஆக ஐந்து வருடம். மேலே எம்.டி.எஸ். என்ற மேற்படிப்புக்குப் போவதென்றால் தனி நீட், இன்னும் மூன்று வருடம். பெற்றோர் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கூட்டுகிறார்கள். கருவிகள், செய்முறைப் பொருள்கள் எல்லாம் மாணவர் கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கும். முடித்த பிறகு கிளினிக் என்றால் நாற்காலி, கம்ப்ரஸர், கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே கருவி, கடை வாடகை, மருத்துவக் கழிவு அனுமதி. சாதாரணப் பொது மருத்துவர் மேசை நாற்காலியும் ஸ்டெதஸ்கோப்பும் வைத்து ஆரம்பித்துவிடலாம். நமக்கு அது நடக்காது.

நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வருடா வருடம் 25,000க்கும் மேற்பட்ட இடங்கள். ஆனால் முடித்தவர்கள் எல்லாரும் பெரிய ஊர்களிலேயே ஒரே தெருவில் பலகை மாட்டுகிறார்கள். அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரும், ஆனால் இடங்கள் சொற்பம். என் முதல் வேலைக்கு மாதம் 8,000 ரூபாய். கடன் வாங்கிப் படித்த தோழி ஒருத்தி அந்தச் சம்பளத்தில் வட்டி கட்ட முடியாமல் தவித்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். கடன் வாங்குபவர்கள், முதல் மூன்று வருடம் வருமானம் மிகக் குறைவாகவே இருக்கும் என்று வைத்துத் தவணையைக் கணக்குப் போடுங்கள்.

வெளிநாடு போய்ச் சம்பாதிக்கலாம் என்பதும் நேர்வழி இல்லை. அமெரிக்காவில் நம் பி.டி.எஸ்.ஸை வைத்து நேரடியாகத் தொழில் செய்ய முடியாது. தேசியத் தேர்வு எழுதி, பெரும்பாலும் அங்கே இரண்டு மூன்று வருடம் மறுபடி படிக்க வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு. இங்கேயும் விதிகள் மாறிவருகின்றன: 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. படிப்பு முடிந்ததும் எழுத வேண்டிய தேசியத் தகுதித் தேர்வு ஒன்றும் அதில் இருக்கிறது. சீனியர்கள் சொல்வதை மட்டும் நம்பிச் சேராமல் இதையும் கவனியுங்கள்.

"பல் மட்டும்தானே?"

இல்லை. பொது மருத்துவமும் பொது அறுவை சிகிச்சையும் பி.டி.எஸ்.ஸில் தனிப் பாடங்கள். சர்க்கரை எகிறியிருப்பவர், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, எல்லாரும் அதே நாற்காலியில்தான் உட்காருவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஊசியை எடுத்தால் ஆபத்து பல்லோடு நிற்காது.

பல் மருத்துவம் படிக்க எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணமும் இங்கேதான் இருக்கிறது. புகையிலையும் பாக்கும் மெல்லும் ஊர் இது. சொத்தைப் பல்லைக் காட்ட வந்த ஒரு லாரி ஓட்டுநரின் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றைப் பார்த்தேன். வலி இல்லை, அவருக்கே தெரியாது. திசுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஆரம்ப நிலைப் புற்று. ஏழு வருடமாகிறது, இப்போதும் வண்டி ஓட்டுகிறார். ஒரு மனிதரின் வாயை முழு வெளிச்சத்தில் முழுதாகப் பார்ப்பது அநேகமாக நாம் மட்டும்தான்.

வேறு நல்ல காரணங்களும் உண்டு. பி.டி.எஸ். ஒன்றை வைத்தே சொந்தக் காலில் நிற்கலாம், இன்று எம்.பி.பி.எஸ். முடித்தவர்களில் பலர் மேற்படிப்பு இல்லாமல் தயங்குகிறார்கள். இரண்டு நாள் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அரை மணி நேரத்தில் வலியில்லாமல் எழுந்து போவதைப் பார்க்கலாம். பல் செட் பொருத்திய பாட்டியிடம் கண்ணாடியைக் கொடுக்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே நான் இன்னொரு பதினெட்டு வருடம் உட்காருவேன்.

இதையெல்லாம் நான் வாயால் சொல்லிப் பயனில்லை. அதனால் இப்போது யார் வந்து கேட்டாலும், நோயாளியின் சம்மதம் வாங்கிக்கொண்டு, நான்கு நாள் என் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்கிறேன். தெரிந்த பல் மருத்துவர் யாரிடமும் நீங்களும் இதைக் கேட்கலாம்; பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். முதலில் சொன்ன பெண் நான்கு நாளும் வந்தாள். மூன்றாம் நாள் ஒரு பெரியவருக்குப் பல் செட் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "ஆறுமுகசாமி" என்று சொல்லச் சொன்னேன். "மேடம், 'சா' சொல்றப்போ மேல் செட்டு லேசா இறங்குது" என்றாள். எனக்குப் படாதது அவள் கண்ணில் பட்டது. கலந்தாய்வில் முதல் விருப்பமாகவே பி.டி.எஸ். போட்டாள். அதே வாரம் வந்த இன்னொரு பையன் இரண்டாம் நாள் மதியம் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. அவன் அப்பாவுக்கு என்மேல் கொஞ்ச நாள் வருத்தம். பையன் இப்போது கோவையில் வேளாண்மை படிக்கிறான். அப்பா போன மாதம் ஈறு வீக்கத்துக்கு என்னிடம்தான் வந்தார், பையன் நட்ட கத்தரிச் செடியில் காய்த்தது என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.