செட்டிங்ஸ் ஃபைலை எங்கே வைக்கிறீர்கள்? அடிக்கடி நடக்கும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் எடைச் சீட்டு போடும் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மூட்டை எடை, ஈரப்பத வரம்பு 17 சதவீதம், மில்லின் பெயர் எல்லாம் ஒரே செட்டிங்ஸ் ஃபைலில். சம்பா அறுவடை உச்சத்தில் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, மூட்டைக்கு 62 கிலோன்னு மாத்தி வச்சேன். சாயங்காலம் முதலாளி மகன் உட்கார்ந்தா 60 காட்டுது. காலையில நான் பார்த்தா மறுபடி 62. பேய் பிடிச்சிருக்கா?"

பேய் இல்லை, என் தவறுதான். ஃபைலை புரோகிராமுக்குப் பக்கத்திலேயே, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருந்தேன். விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து சாதாரண யூசர் அங்கே எழுத முடியாது. ஆனால் பழைய பாணி 32 பிட் புரோகிராம்கள் நின்றுவிடக் கூடாது என்று விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது. எழுத வந்ததை அந்த யூசரின் லோக்கல் ஆப்டேட்டாவில் (ஒவ்வொரு யூசருக்கும் தனியாக இருக்கும் ஃபோல்டர்) உள்ள வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது. எர்ரர் எதுவும் வராது. இருவருக்கும் தனித்தனி லாகின் என்பதால், கணக்குப்பிள்ளை பார்த்தது அவருடைய நகல். முதலாளி மகன் பார்த்தது நான் முதலில் வைத்த ஃபைல்.

எழுத ஆரம்பிக்கும் முன்பே, இந்த செட்டிங் யாருடையது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூட்டை எடை மில்லுக்குப் பொது. அது புரோகிராம்டேட்டாவுக்குப் போக வேண்டும். எழுத்தின் அளவு, ஜன்னலின் அகலம் போன்றவை ஆளுக்கு ஆள் மாறுபவை, அவை ஆப்டேட்டாவுக்கு. புரோகிராம்டேட்டாவிலும் ஒரு கண்ணி உண்டு. ஒருவர் உருவாக்கிய ஃபைலை மற்றொரு சாதாரண யூசர் திருத்த முடியாது. அதனால் இன்ஸ்டால் செய்யும்போதே உங்கள் ஃபோல்டருக்கு எழுதும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த தவறு, பாதை எதுவும் இல்லாமல் வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்துத் திறப்பது. அப்போது புரோகிராம் 'இப்போது நிற்கும்' ஃபோல்டரில்தான் தேடும். நாம் சோதிக்கும்போது சரியாக ஓடும். குறித்த நேரத்தில் புரோகிராமை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தை நிரப்பாமல் போட்டால் அது விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-வில் போய் நிற்கும். செட்டிங்ஸ் காணோம் என்று சொல்லி, டிஃபால்ட்டை வைத்து ஓடவும் செய்யும். அது இன்னும் மோசம்.

லினக்ஸில் பழைய வழக்கம், ஹோம் ஃபோல்டரிலேயே புள்ளி வைத்த பெயரில் ஒரு ஃபைலைப் போடுவது. அப்படி ஆளாளுக்குப் போட்டு ஹோம் நிரம்பியதால்தான் ஃப்ரீடெஸ்க்டாப் குழுவின் எக்ஸ்டிஜி விதி வந்தது. செட்டிங்ஸ் எல்லாம் 'டாட் கான்ஃபிக்' (.config) ஃபோல்டருக்கும், அழிந்தாலும் பரவாயில்லை என்பவை 'டாட் கேஷ்' (.cache) ஃபோல்டருக்கும் போகும். பலர் டாட் கான்ஃபிக் என்று நேரடியாக எழுதிவிட்டு விதியைப் பின்பற்றியதாக நினைக்கிறார்கள். அது டிஃபால்ட் மட்டும்தான். முதலில் எக்ஸ்டிஜி கான்ஃபிக் ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (சிஸ்டம் புரோகிராமுக்குக் கொடுத்தனுப்பும் மதிப்பு) பார்க்க வேண்டும். அது காலியாக இருந்தாலோ முழுப்பாதையாக இல்லாவிட்டாலோதான் டிஃபால்ட்.

அப்புறம் இந்த ~ குறி. அதை ஹோம் என்று விரிப்பது ஷெல், அதாவது டெர்மினலில் நாம் தரும் கட்டளைகளைப் படிக்கும் புரோகிராம். ஃபைலைத் திறக்கும் ஃபங்ஷனுக்கு அது வெறும் எழுத்து. கவனிக்காமல் விட்டால் ~ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகி நிற்கும். அதை அழிக்கிறேன் என்று டெர்மினலில் அப்படியே ஆர்எம் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். ஷெல் அதை உங்கள் ஹோமாகத்தான் எடுத்துக்கொள்ளும்!

மேக்கில் இடம் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். பெயரின் நடுவில் ஸ்பேஸ் இருக்கிறது. மேற்கோள் குறி போடாத ஸ்கிரிப்ட் அங்கே உடையும். மூன்று சிஸ்டத்துக்கும் நீங்களே 'இஃப்' எழுதத் தேவையில்லை. பைத்தானில் பிளாட்ஃபார்ம்டிர்ஸ், க்யூட்டியில் க்யூஸ்டாண்டர்ட்பாத்ஸ் இந்த வேலையைச் செய்துவிடும்.

நம் ஊருக்கென்றே ஒரு தவறு உண்டு. மில் பெயரைத் தமிழில் சேமித்தேன், விண்டோஸில் புரோகிராம் படுத்துவிட்டது. விண்டோஸ் சிஸ்டத்துக்கு வைக்கும் பழைய கோட்பேஜ்களில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்கள்) தமிழுக்கென்று ஒன்று கிடையாது, யூனிகோட் மட்டும்தான். பைத்தானில் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால், பெரும்பாலான பதிப்புகள் சிஸ்டத்தின் கோட்பேஜை எடுத்துக்கொள்ளும். அதில் 'ஸ்ரீ' எழுதவே இடமில்லை. யூனிகோடின் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சேமிக்கும் நொடியில் கரண்ட் போவதையும் கணக்கில் வையுங்கள். டெல்டா கிராமத்தில் யுபிஎஸ் பேட்டரி மாற்றி எத்தனை வருஷமோ! பழைய ஃபைலின் மேலேயே எழுதினால் பாதியில் நின்று, காலி ஃபைல் மிஞ்சும். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலில் முழுதும் எழுதி, டிஸ்க்குக்குத் தள்ளி, கடைசியில் பெயரை மாற்றுங்கள். வேறு டிரைவில் எழுதினால் அது வெறும் பெயர் மாற்றமாக இருக்காது, எர்ரர் வரும் அல்லது நகலெடுப்பாகிவிடும். பைத்தானில் இதற்கு ரீப்ளேஸ் ஃபங்ஷன் இருக்கிறது. ரீநேம் ஃபங்ஷன், விண்டோஸில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் எர்ரர் கொடுக்கும்.

ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா இரண்டுமே மறைந்திருக்கும் ஃபோல்டர்கள். போனில் கணக்குப்பிள்ளைக்கு அங்கே வழி சொல்வதற்குள் லாரி மூன்று வந்து நின்றுவிடும். இப்போது என் புரோகிராமின் உதவி மெனுவில் 'செட்டிங்ஸ் ஃபைல் எங்கே?' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். அழுத்தினால் முழுப்பாதையைக் காட்டி ஃபோல்டரையும் திறக்கும். "அதை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புங்கண்ணே" என்றால் போதும்.