லைசென்ஸ் கீயை எங்கே வைப்பது?

சிம்மக்கல் பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். நான்கு கம்ப்யூட்டர். ஒரு ஆவணி முகூர்த்த நேரத்தில் ஒன்றின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் அன்றே வந்துவிட்டது. டிசைன் சாஃப்ட்வேரின் கீ, அதாவது காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமாக இன்ஸ்டால் செய்யும்போது அடிக்க வேண்டிய எழுத்து-எண் வரிசை, அது மட்டும் கிடைக்கவில்லை. அதை அடித்துக் கொடுத்த பில், மதுரை வெயிலில் வெளுத்து வெறும் தாளாகிக் கிடந்தது. ஒன்றரை நாள் வேலை நின்றது.

அதனால் முதல் வேலை, கையில் இருக்கும் கீ எல்லாவற்றையும் இன்றைக்கே திரட்டுங்கள். பழைய மெயில், டப்பா, சிபியூவில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் பாருங்கள். ஸ்டிக்கர் தேய்வதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். “அக்கா, இது எட்டா, பி-யா?” என்று கடைப்பையன் கேட்பான், இரண்டுமே வரும், போட்டோவைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். ஆனால் விண்டோஸின் 25 எழுத்துக் கீயில் பூஜ்ஜியமும் வராது, ஓ-வும் வராது. 1, 5, ஐ, எஸ் ஆகியவையும் கிடையாது. அப்படித் தெரிந்தால் நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள்.

திரட்டியதை எக்செல்லில் போட்டு டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பிலும் வேண்டாம். நான் கீபாஸ்எக்ஸ்சி (KeePassXC) என்ற பாஸ்வேர்டு சேமிக்கும் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். இலவசம், எல்லாம் பூட்டிய ஒரே ஃபைலில் இருக்கும். சாஃப்ட்வேர் ஒன்றுக்கு ஒரு பதிவு: கீ, வாங்கிய தேதி, எந்த மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எத்தனை கம்ப்யூட்டருக்குச் செல்லும், எந்த மெயிலில் பதிவு செய்தது. பில்லின் போட்டோவையும் அதிலேயே இணைக்கலாம். மெயில் முகவரியை விட்டுவிடாதீர்கள். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரில் சீரியல் நம்பர் மட்டும் இருந்தால் போதாது, மெயிலும் கேட்கும். கம்ப்யூட்டர் மாற்றுவதாக இருந்தால், பழையதில் டேலி லைசென்ஸை சரண்டர் செய்து (விடுவித்து) விட்டுத்தான் புதியதில் போட வேண்டும்.

அந்த ஃபைலுக்கு மூன்று பிரதி: கடையில் ஒன்று, வீட்டு பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. புதுக் கீ சேர்த்த அன்றே மூன்றையும் மாற்றுங்கள். எப்போதாவது வீட்டுப் பிரதியை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை.

அப்புறம் அந்த ஃபைலைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு. அது மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். என்னுடையதை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, வீட்டு பீரோவில் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். கவர் இருக்கும் இடம் என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

சர்வீஸுக்கு வருபவரிடம் கீயைச் சொல்ல மாட்டேன். கேட்கும் இடம் வந்ததும் நானே உட்கார்ந்து அடிப்பேன்.