ஆஸ்பத்திரில கூட இருக்கறவங்களுக்கு தினசரி வாக்கிங்: எப்படி ஆரம்பிக்கறது?

பேஷண்டுக்கு மாத்திரை, ட்ரிப்ஸ், கஞ்சி எல்லாத்துக்கும் டைம் போட்டு சார்ட்ல எழுதி வச்சிருப்பாங்க, கூட இருக்கற அட்டெண்டருக்கு ஒரு பிளாஸ்டிக் சேரும் ஃப்ளாஸ்க் காபியும்தான். மாமனாருக்கு வேலூர் சிஎம்சில பைபாஸ் பண்ணப்ப நானும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி இருந்தோம், போன் பண்ற சொந்தக்காரங்க எல்லாரும் "பாசிட்டிவா இரும்மா"ன்னு சொல்வாங்க, எப்படி இருக்கறதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு கைகொடுத்தது காலைல நடந்த அந்த அரை மணி நேரம்தான், அதை எப்படி செட் பண்ணிக்கறதுன்னு இங்க எழுதறேன்.

ஸ்டெப் 1: நேரம் பிடிங்க

டாக்டர் ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்குன்னு முதல்ல வார்டு சிஸ்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அந்த நேரத்துல நீங்க பெட் பக்கத்துல இருந்தே ஆகணும், கேக்க வேண்டியதெல்லாம் அப்பதான் கேக்க முடியும். அதனால விடியக்காலை ஆறு மணி வாக்குல கிளம்பிட்டா சரியா இருக்கும். வேலூர் வெயிலைப் பத்தி சொல்லவே வேணாம், ஏப்ரல் மே மாசத்துல எட்டு மணிக்கே மண்டை காயும்.

ஸ்டெப் 2: சொல்லிட்டு போங்க

இதை செஞ்சாதான் நடக்கும்போது மனசு நம்மகூட இருக்கும், இல்லன்னா கால் ரோட்டுலயும் மனசு வார்டுலயும்தான். சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, அப்புறம் பக்கத்து பெட் அட்டெண்டர்கிட்ட "அக்கா, அரை மணில வந்துடறேன், ட்ரிப்ஸ் முடிஞ்சா மட்டும் சிஸ்டரை கூப்பிட்டுடுங்க"ன்னு ஒரு வார்த்தை, நாளைக்கு அவங்க டீ வாங்க போறப்ப நீங்க பாத்துக்கோங்க. ஐசியூன்னா அங்க எழுதிக் குடுத்த நம்பர் எந்த போன்லயோ அந்த போன்தான் கைல இருக்கணும், சைலண்ட்ல போடவே கூடாது. பேஷண்ட் குழப்பமா பேசறாரு, கட்டில்லேர்ந்து எந்திரிக்கப் பாக்கறாருன்னா மாத்தி உக்கார ஆள் வராம நகராதீங்க.

ஸ்டெப் 3: எடுத்துக்க வேண்டியது

அட்டெண்டர் பாஸ் (இதை மறந்தா கேட்ல செக்யூரிட்டிகிட்ட நின்னு கதை சொல்லணும்), போன், தண்ணி பாட்டில், கொஞ்சம் சில்லறை. ஷூ இல்லன்னா பின்பக்கம் ஸ்ட்ராப் வச்ச செருப்பு போதும்.

ஸ்டெப் 4: வழி

முதல் நாள் பத்து நிமிஷம் போதும், அஞ்சு போக அஞ்சு வர. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கலாம். நல்லா இருக்கற பெரியவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடக்கற மாதிரி உடம்புக்கு வேலை குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஆனா இப்ப அந்த கணக்கெல்லாம் வேணாம்.

டவுனுக்குள்ள இருக்கற சிஎம்சின்னா வேலூர் கோட்டை நடக்கற தூரம்தான். 16ஆம் நூற்றாண்டு கோட்டை, சுத்தி அகழி, உள்ள கோயில், மசூதி, சர்ச் மூணுமே இருக்கு. ஜலகண்டேஸ்வரர் கோயில்ல ரொம்ப காலம் மூலவரே இல்லாம இருந்து 1981லதான் திரும்ப லிங்கத்தை கொண்டு வந்து வச்சாங்களாம். உள்ள நடக்கறப்ப நம்மள மாதிரியே தூக்கமில்லாத முகங்களா எதிர்ல வரும், பெங்காலி பேசறவங்க நிறைய, பாஷை தெரியாட்டியும் கைல இருக்கற ஃபைலைப் பாத்து ஒரு தலையாட்டல் நடக்கும். வெளில போகவே முடியாத நாள்ல ஓபி பக்கத்து நீளமான காரிடார்ல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி நாலு சுத்து சுத்துங்க, அதுவும் வாக்கிங்தான்.

ஸ்டெப் 5: நடக்கறப்ப என்ன பண்றது

முதல்ல கொஞ்ச நேரம் போனை தொடாதீங்க, மூச்சு சீராகட்டும். அப்புறம் ஃபேமிலி குரூப்புக்கு ஒரே ஒரு வாய்ஸ் நோட்: நைட் எப்படி தூங்கினாரு, சாப்பிட்டாரா, டாக்டர் என்ன சொன்னாரு. இதைப் போட்டுட்டா நாள் பூரா ஆளாளுக்கு தனித்தனியா பதில் சொல்ற தொல்லை பாதியா குறையும். ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தையை கூகுள்ல தேடறது மட்டும் வேணாம், ஒரு நோட்ல எழுதி வச்சு ரவுண்ட்ஸ்ல கேளுங்க. அழுகை வந்தா அழுங்க, ரோட்டுல யாரும் நம்மள பாக்கறதில்ல.

திரும்பி வர்றப்ப பேஷண்டுக்கு சொல்ல ஏதாவது ஒண்ணு பாத்துட்டு வாங்க. எங்க மாமனாரு விவசாயி, ஐசியூலேர்ந்து வார்டுக்கு வந்ததும் என்கிட்ட முதல்ல கேட்டதே "அகழில தண்ணி எவ்ளோ கெடக்கு?"ங்கறதுதான். அதுக்கப்புறம் நான் தினம் படிக்கட்டுல எந்த கல்லு வரைக்கும் தண்ணின்னு பாத்துட்டு வந்து சொல்லணும், சரியா சொல்லலன்னா திட்டு வேற. உடம்பு, மருந்து, பில்லு தவிர பேச ஒரு விஷயம் கிடைச்சது, பாசிட்டிவ்னு நான் சொல்றது இவ்ளோதான்.

டாக்டர் மோசமான சேதி சொன்ன நாள்ல நடந்தா நம்பிக்கை பொங்கும்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அன்னிக்கு தனியா போகாம யாரையாவது கூட்டிட்டு மெதுவா போங்க.

ஸ்டெப் 6: திரும்பி வந்ததும்

சோப்பு போட்டு கை கழுவிட்டுதான் பெட்கிட்ட போகணும். ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க, உங்களோட பிபி, சுகர் மாத்திரையை விடாதீங்க. தலை சுத்துது, நெஞ்சு வலிக்குதுன்னா நடையை நிறுத்திட்டு உடனே ஸ்டாஃப்கிட்ட சொல்லுங்க. நாள் கணக்கா தூக்கமே இல்ல, எதுலயும் பிடிப்பில்லன்னு இருந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல லைன், ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஆபரேஷன் ஆன பேஷண்டை டாக்டர் சொன்னதும் பிசியோதெரபிஸ்ட் வார்டுலயே மெல்ல நடக்க விடுவாங்க. அதுலேர்ந்து உங்க வாக்கிங் அவங்க வேகத்துக்கு மாறிடும், பேசிக்கிட்டே நடக்க முடியற வேகம்தான் கணக்கு, நடுவுல உக்கார சேர் எங்க இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.