மென்பொருள் ரீகால்: "குறை இல்லை" என்று எழுதுவதற்கு முன்

சென்ற வாரம், கார் பழுதுபார்க்கும் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் ஜாப் கார்டில் (வண்டியின் குறையையும் செய்த வேலையையும் எழுதும் தாள்) எழுதியிருந்தார்: "ஓட்டிப் பார்க்கப்பட்டது. குறை இல்லை." படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கட்டத்தில் அதே சொற்களை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

விற்ற கார்களில் குறை தெரிந்தால், நிறுவனமே அவற்றைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வதுதான் ரீகால். காரின் கணினிகளை இயக்கும் மென்பொருளில் குறை என்றால் அது மென்பொருள் ரீகால். அந்த வேலையில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரின் கேபிளைச் செருகுவது, மாடல் ஆண்டைச் சரிபார்ப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு நாள் வேலை பார்த்தால் அவை கைக்கு வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்களும் செய்கிற தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

வண்டியைக் கேட்பது, ஆளைக் கேட்காமல் விடுவது

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்தேன். கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காரைக் கொண்டு வந்தார். "மலை இறங்கி வந்து, கீழே முதல் தடவை பிரேக் பிடித்து நிறுத்தும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஏசி ஓடினால் மட்டும்தான்" என்றார். நான் ஜாப் கார்டில் "எஞ்சின் அணைகிறது" என்று இரண்டே சொல் எழுதினேன். அவிநாசி சாலையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். அணையவில்லை. ஸ்கேனரில் ஒரு பிழைக் குறியீடும் (கோளாறைக் கண்டால் காரின் கணினி பதிந்துவைக்கும் குறி) இல்லை. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைச் சுத்தம் செய்து அனுப்பினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். பெட்ரோல் பம்பை மாற்றினேன். மறுபடி வந்தார். பேட்டரியை மாற்றினேன். மொத்தம் 11,400 ரூபாய். அதற்குப் பல மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் நிறுத்தப்படும். ஏசி ஓடிக்கொண்டிருந்தால், மீண்டும் எரிபொருள் விடும் கட்டளை சற்றுத் தாமதமாகிறது. மென்பொருளை மாற்றவும். அவ்வளவுதான். ஆசிரியர் முதல் நாள் சொன்ன வாக்கியம் அச்சடித்துத் திரும்பி வந்தது போல இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. மூன்று ரசீதுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, "நான் சொன்னதை நீங்கள் எழுதவே இல்லையே" என்றார்.

இயந்திரக் கோளாறு தேய்ந்து தேய்ந்து வரும். சத்தம் போடும், நாறும், எண்ணெய் ஒழுகும். மென்பொருள் தேய்வதில்லை. தொழிற்சாலையை விட்டு வரும் நாளிலேயே பிழை உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு சூழல்கள் ஒன்றுகூடும்போதுதான் அது தலைகாட்டும். நிரல் எழுதியவர் எதிர்பார்த்த கோளாறுக்குத்தான் பிழைக் குறியீடு உண்டு. எதிர்பாராததற்குக் குறியீடு எங்கிருந்து வரும்? நிரலைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

பெரிய ரீகால்களை எடுத்துப் பாருங்கள். 2010-ல் டொயோட்டா, ப்ரியஸ் உள்ளிட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் (பெட்ரோலும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும்) கார்களைத் திரும்ப அழைத்தது. மேடு பள்ளத்திலோ பனியிலோ மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது, ஒரு கணம் பிரேக் விட்டுப்போன உணர்வு. நல்ல தார்ச் சாலையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? 2016-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 43 லட்சம் வண்டிகளை அழைத்தது. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினி, அபூர்வமான சூழலில் தானாகவே சோதனை நிலைக்குள் போய்விடும். அந்த நேரம் பார்த்து மோதினால் முன்பக்க ஏர்பேக் விரியாது. ஒரு மரணம் இதனுடன் தொடர்புபடுத்தப்பட்டது. அதே ஆண்டு வால்வோ 59,000 கார்களை அழைத்தது. ஓடும்போதே எஞ்சின் அணைந்து, உடனே தானாக மீண்டும் உயிர்பெற்றது.

என் பயிற்சி வகுப்பில் நான் தவறாமல் சொல்வது வேமோவின் கதை. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பிக்கப் வண்டியைப் பின்பக்கமாக, கோணலாகக் கட்டி இழுத்துப் போனார்கள். வேமோவின் ஓட்டுநர் இல்லா டாக்ஸி ஒன்று அதில் மோதியது. சில நிமிடங்களில் இன்னொரு வேமோ டாக்ஸி வந்து அதே பிக்கப்பில் மோதியது. கோணலாக இழுபடும் வண்டி எந்தப் பக்கம் நகரும் என்பதை மென்பொருள் தவறாகக் கணித்திருந்தது. 444 வண்டிகளுக்கு ரீகால். இரண்டு ஓட்டுநர்கள் ஒரே தவறை அப்படியே செய்ய மாட்டார்கள்; மென்பொருள் செய்யும். சூழல் அமைந்தால் மறுபடியும் செய்யும்.

அதனால்தான் சூழலை எழுதச் சொல்கிறேன். ஏற்றமா இறக்கமா, என்ன வேகம், எந்த கியர், ஏசி ஓடியதா, எஞ்சின் சூடாகி இருந்ததா, மழையா, முதல் தடவை நிறுத்தியபோதா மூன்றாம் தடவையா. வாடிக்கையாளர் சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். அவர் "இறக்கம்" என்றால் இறக்கத்துக்கே போய் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் குறை தென்படவில்லை என்றால், "இன்ன சூழலில் ஓட்டினேன், தென்படவில்லை" என்று எழுதுங்கள். "குறை இல்லை" என்று எழுத நமக்கு உரிமை கிடையாது.

பேட்டரி தாங்கும் என்று நம்புவது

மென்பொருள் ஏற்ற நாற்பது நிமிடம் ஆகலாம். அதுவரை இக்னிஷன் ஆனில் இருக்கும்; ஃபேன் சுற்றும், கதவு திறந்திருந்தால் விளக்கும் எரியும். பாதியில் மின்னழுத்தம் சரிந்தால் அந்தக் கணினி பழையதுமாக இல்லை, புதியதுமாக இல்லை, வண்டி அசையாது. இலவசமாக முடிய வேண்டிய வேலைக்குப் புதிய கணினி வரவழைத்த நாட்கள் உண்டு. சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும்.

"முடிந்தது" என்று திரையில் வந்ததும் கழற்றிவிடுவது

புதிய மென்பொருள் ஏறியிருக்கிறதா என்று அதன் பதிப்பு எண்ணைத் திரும்பப் படித்து, ஜாப் கார்டில் எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

சின்ன விஷயம் என்று தள்ளிப்போடுவது

2024 தொடக்கத்தில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறத்தாழ 22 லட்சம் கார்களுக்கு ரீகால் அறிவித்தது. காரணம், பிரேக், பார்க்கிங், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கைகளின் எழுத்து விதிப்படி இருக்க வேண்டிய அளவைவிடச் சிறியது. "எழுத்துக்காகவா ரீகால்?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அறுபது வயது ஓட்டுநர் ஒருவர் வெயிலில் அந்த எழுத்தைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். அந்தத் திருத்தம் இணையம் வழியாக வண்டிக்கே வந்து சேர்ந்தது. வீட்டு வாசலில் நிற்கும்போதே ஏறிவிடுவதாலேயே அதை ரீகால் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி அதுவும் ரீகால்தான்.

நம் ஊரிலும் இது புதிதல்ல. 2022-ல் கியா, ஏர்பேக் கணினியின் மென்பொருளைச் சோதிக்க இந்தியாவில் 44,174 கேரன்ஸ் கார்களை அழைத்தது.

மென்பொருள் ஏற்ற, யாரோ தந்த பென்டிரைவைச் செருகுவது

கூடாது. 2015-ல் ஜீப் செரோக்கி காரை இரண்டு ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டிய பிறகு, ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்து, திருத்திய மென்பொருளை உரிமையாளர்களுக்குத் தபாலில் பென்டிரைவில் அனுப்பியது. அது நிறுவனமே அனுப்பியது. கடைத்தெருவில் கிடைப்பது அப்படியல்ல.

பழைய காருக்குக் கடிதம் வரும் என்று காத்திருப்பது

வராமல் போகலாம். கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போய்விடலாம். ரீகால் இருக்கிறதா என்று, சேசிஸ் எண்ணின் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) 17 எழுத்து, இலக்கங்களையும் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.